படச்சுருளை வருடுவதா, படியெடுப்பதா?

அன்பின் நண்பர்களுக்கு,

நீங்கள் தொகுத்துவரும் ஒளிப்படக் கலைச்சொற் பட்டியல் பற்றியது இந்தக் கடிதம். நெகட்டிவைக் கணினிக்குள் கொண்டுவரும் வேலைக்கு 'வருடல்' (ஸ்கான் செய்தல்) போதாதா, புதுச்சொல் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நியாயமானது. வருடி (ஸ்கானர்), வருடல் இரண்டும் வேரூன்றிவிட்ட சொற்கள்; அவற்றை அசைக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சிறிய அறையில் இந்த வேலையையே இரவுதோறும் செய்துகொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தச் சொல் பாதி வேலையைத்தான் பிடிக்கிறது.

ஒரு கடிதத்தை வருடியில் வைத்தால் விளக்கும் உணரியும் கண்ணாடிக்கு அடியில் ஒன்றாக நகரும். தாளில் பட்டுத் திரும்பும் ஒளியே படமாகிறது. பிலிமுக்கு அது சரிவராது. ஒளி ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வர வேண்டும். அதனால்தான் பிலிமுக்கு ஏற்ற தட்டை வருடிகளில் மூடிக்குள்ளும் ஒரு விளக்கு இருக்கிறது. பளபளப்பான தாளில் அச்சிட்ட படத்தின் உச்ச ஒளியடர்த்தி, அதாவது மிகக் கறுத்த இடம் ஒளியை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு, ஏறத்தாழ 2. ஸ்லைட்டில் (திரையில் ஒளி பாய்ச்சிக் காட்டும் நேர்ப்படப் பிலிமில்) அது 3ஐத் தாண்டிவிடும். ஒரு கல்யாண வீட்டுப் படத்தில் மணவறைக்குப் பின்னால் இருட்டில் நிற்கும் ஒருவரின் முகம் தெரியுமா தெரியாதா என்பதை அந்த இடைவெளிதான் தீர்மானிக்கிறது.

இன்னொன்று, இப்போது பலர் வருடியே இல்லாமல் இதைச் செய்கிறார்கள். அடியிலிருந்து ஒளிரும் ஒளிப்பலகையின் மேல் பிலிமைத் தட்டையாகப் பிடித்து, 1:1 அளவில், அதாவது பொருளின் அளவிலேயே, எடுக்கக்கூடிய மக்ரோ வில்லையுடன் கமராவை நேர் மேலே நிறுத்தி, ஒரே அமுக்கில் எடுத்துவிடலாம். அங்கே எதுவும் எதையும் வருடுவதில்லை. இரண்டு முறைக்கும் பொதுவான சொல் வேண்டும் என்பதே என் வாதம்.

'எண்ணிமமாக்கல்' (டிஜிட்டலாக்கல்) என்று ஒரு நண்பர் முன்மொழிந்தார். இலங்கைத் தமிழ் ஆவணங்களைத் திரட்டும் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் 2005இலிருந்து இயங்கிவருவதால் 'எண்ணிமம்' நமக்கு அந்நியமான சொல் அல்ல. ஆயினும் அது ஒலிநாடாவுக்கும் பத்திரிகைக்கும் பிலிமுக்கும் ஒன்றுபோலப் பொருந்தும் பரந்த சொல். நமக்கு வேண்டியது குறுகிய சொல்.

என் பரிந்துரை 'ஊடொளிப் படியெடுப்பு'. ஒளி ஊடுசெல்வதை முதற்பகுதி சொல்லிவிடுகிறது. படியெடுத்தல் ஏட்டுச்சுவடிக் காலத்துச் சொல். சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது அவர் கைக்கு அந்நூல் வந்தது தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்தவர்களின் உழைப்பால்தான். மூலம் செல்லரிக்கும் முன் அதில் உள்ளதைக் காப்பாற்றுவது அன்றைய நோக்கம். இன்றைய நோக்கமும் அதுதான். கொழும்பின் ஈரக்காற்றில் பிலிமில் படத்தைத் தாங்கும் செலற்றின் படலத்தில் பூஞ்சணம் பிடிக்கிறது. ஒளிப்பலகையில் வைத்துப் பார்த்தால் முகங்களின் குறுக்கே நரைமயிர் போல இழைகள் ஓடுவது தெரியும். அசற்றேற்று என்ற பிளாஸ்ரிக்கை அடித்தளமாகக் கொண்ட பிலிம் வைத்த பெட்டியைத் திறக்கும்போது வினாகிரி மணம் வந்தால் அடித்தளமே சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதன் பிறகு படியெடுப்பைத் தள்ளிப்போட முடியாது. 1983 ஆடிக் கலவரத்தில் வீட்டோடு அல்பமும் எரிந்துபோன குடும்பங்கள் இந்த நகரில் எத்தனையோ. அவர்களில் ஒருவருக்கு வேறு ஊரில் உறவினர் வீட்டு அலுமாரியில் கிடந்த ஒரு நெகட்டிவ் துண்டு கிடைத்தால், அதுவே மூல ஏடு. அதைப் 'படியெடுத்தோம்' என்று சொல்வதில் அந்தப் பொருளுக்குரிய மரியாதையும் இருக்கிறது.

படியெடுப்பு என்றால் போட்டோக் கொப்பி என்று குழம்பாதா என்ற மறுப்பு வரும். 'ஊடொளி' முன்னால் நிற்கும்வரை குழம்பாது என்று நம்புகிறேன். இயந்திரம் நகர்ந்து எடுக்கும் முறையை 'ஊடொளி வருடல்' என்றும், கமராவால் எடுப்பதைக் 'கமராப் படியெடுப்பு' என்றும் அதற்குள்ளேயே பிரித்துக்கொள்ளலாம்.

அடுத்தது வண்ண நெகட்டிவின் செம்மஞ்சள் நிறம். இதற்குப் பட்டியலில் 'முகமூடி' என்று எழுதியிருப்பதைக் கடுமையாக எதிர்க்கிறேன். அந்த நிறம் எதையும் மறைப்பதற்காக வைக்கப்படவில்லை. மஜெந்தாச் சாயம் பச்சை ஒளியை மட்டும் உறிஞ்ச வேண்டும். உண்மையில் நீல ஒளியிலும் கொஞ்சத்தை விழுங்கிவிடுகிறது. சயன் சாயத்துக்கும் இதுபோன்ற குறை உண்டு. அதை ஈடுகட்ட, சாயம் உருவாகாத இடங்களில் நிறமுள்ள வேதிப்பொருளை அப்படியே மிஞ்சவிடுகிறார்கள். குறை பிலிம் முழுவதும் சமமாகப் பரவிவிடுவதால் அச்சிடும்போது அதை மொத்தமாகக் கழித்துவிட முடிகிறது. ஆகவே இதைத் 'திருத்துநிறம்' என்று அழைப்போம். கறுப்பு வெள்ளைப் பிலிமிலும் ஸ்லைட்டிலும் அது இல்லை. இந்தச் சொல்லைக் கற்ற ஒருவருக்கு வேலையும் புரிந்துவிடும்: படங்களுக்கு இடையே ஒளிபடாத வெற்று ஓரத்தைத் தொட்டு, அந்த நிறத்தை நடுநிலைக்குக் கொண்டுவந்து, அதன் பிறகே நேர்ப்படமாக்க வேண்டும். நிறங்களை வெறுமனே எதிராகப் புரட்டிப் போட்டால் படம் முழுவதும் நீலம் படியும். அம்மாவின் கூறைச்சேலைச் சிவப்பு திரும்பி வராது.

தூசி நீக்கத்துக்குச் 'செங்கீழ்த் தூசிநீக்கம்' என்ற சொல்லை அப்படியே ஏற்கிறேன். நம் பாடநூல்களில் செங்கீழ்க் கதிர் இருக்கிறது. தமிழகத்தார் அகச்சிவப்பு என்பார்கள், இரண்டையும் தரலாம். வண்ணச் சாயங்கள் செங்கீழ்க் கதிரை ஊடுபுகவிடுபவை, தூசியும் கீறலும் அதைத் தடுப்பவை. அந்த வேறுபாட்டை வைத்தே மென்பொருள் அழுக்கை அடையாளம் காண்கிறது. கறுப்பு வெள்ளைப் பிலிமில் படமே வெள்ளி உலோகம். வெள்ளியும் கதிரைத் தடுப்பதால் மென்பொருள் படத்தையே அழுக்கென்று எண்ணிச் சிதைத்துவிடும். பட்டியலில் இச்சொல்லுக்கான பதிவில் இந்த எச்சரிக்கை கட்டாயம் இடம்பெற வேண்டும்.

பிரிதிறன், அதாவது எவ்வளவு நுணுக்கம் பிரிந்து தெரியும் என்பது, பற்றி அதிகம் சண்டை வேண்டாம். பிலிமின் 24 x 36 மில்லிமீற்றர்ப் படக் கட்டத்தை அங்குலத்துக்கு 2400 புள்ளியில் எடுத்தால் ஏறத்தாழ 77 இலட்சம் படப்புள்ளிகள், 4000இல் 2 கோடியே 14 இலட்சம். தட்டை வருடிகளின் பெட்டியில் அச்சிட்ட எண் வேறு, அவை உண்மையில் பிரித்துக் காட்டும் நுணுக்கம் வேறு. 'அறிவித்த பிரிதிறன்', 'மெய்ப் பிரிதிறன்' என்ற இரண்டு பதிவுகள் போதும்.

'உருத்துலக்கல்' (எடுத்த ரோலை இரசாயனத்தில் இட்டுப் படத்தைத் தெரியவைத்தல்) பட்டியலில் இருக்கட்டும். பக்கத்தில் 'கழுவுதல்' என்பதையும் சேருங்கள். ஸ்டூடியோக்காரரும் அவரிடம் ரோலைக் கொடுத்தவரும் 'படம் கழுவுதல்' என்றுதான் பேசினார்கள். அவர்களுடைய சொல்லை வழக்கு என்று ஒதுக்கிவைப்பது முறையல்ல.

ஸ்லைட்டுக்குப் 'படவில்லை' என்பதில் எனக்கு உடன்பாடில்லை. வில்லை என்றால் கண்ணாடி வில்லை என்றே நம் மாணவர்கள் படிக்கிறார்கள். கமரா வில்லையும் படவில்லையும் ஒரே பந்தியில் வந்தால் தடுமாறுவார்கள். நல்ல மாற்றுச் சொல் கிடைக்கும்வரை 'ஸ்லைட்' என்றே விட்டுவிடலாம். யாரிடமாவது சொல் இருந்தால், பட்டியலை மூடுவதற்கு முன் அனுப்புங்கள்.