24 சதவீத வட்டி என்றார்கள்: மாதம் 12,400 கட்டுவது நியாயமா?

பொகவந்தலாவைத் தையல்காரி:
ஓவர்லொக் மெஷின் வாங்க 120,000 ரூபா கடன் கேட்டேன். வட்டி வருடத்துக்கு 24 சதவீதம், 12 தவணை, மாதம் 12,400 என்கிறார்கள். மொத்தம் 148,800 வருகிறது. பாதிக் கடனை அடைத்த பிறகும் முழுத் தொகைக்கே வட்டியா? கேட்டால், "அரசாங்க முறியிலும் முழுத் தொகைக்குத்தான் வட்டி" என்கிறார்கள். இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

தலவாக்கலை அக்கா:
போடாமல் இருந்தது நல்லது தங்கச்சி. முதலில் தவணை அட்டவணையைக் கேளுங்கள். மாதாமாதம் வாங்கிய கடனில் (முதல் தொகையில்) எவ்வளவு கழிகிறது, வட்டி எவ்வளவு, மீதி எவ்வளவு என்று அதில் இருக்க வேண்டும்.

அட்டன் கணக்குப்பிள்ளை:
அவர்கள் சொன்ன முறிக் கணக்கு சரிதான், ஆனால் உங்களுக்குப் பொருந்தாது. திறைசேரி முறி வாங்கினால் நாம்தான் அரசாங்கத்துக்குக் கடன் கொடுக்கிறோம். 10 சதவீத முறியில் 100,000 போட்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 5,000 வட்டி வரும். போட்ட முதல் தொகை கடைசி நாளில்தான் மொத்தமாகத் திரும்பும். அதுவரை முழுப் பணமும் அரசாங்கத்தின் கையில் இருப்பதால் முழுத் தொகைக்கு வட்டி. சம்பளத்தில் பிடிக்கிற ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) பணத்திலும் பெரும்பகுதி இப்படித்தான் திறைசேரி முறிகளில் கிடக்கிறது.

நீங்களோ மாதாமாதம் முதலையும் திருப்பிக் கட்டுகிறீர்கள். பத்தாவது மாதம் உங்கள் கையில் இருப்பது அவர்களுடைய பணத்தில் கொஞ்சம்தான். அதே 24 சதவீதத்தை குறைந்துவரும் மீதிக்குப் போட்டால் தவணை சுமார் 11,347, மொத்த வட்டி 16,166. உங்களிடம் கேட்பது 28,800! உண்மையில் அது வருடத்துக்கு 41 சதவீதத்துக்கும் மேலே போகிறது. ஒரு மெஷினுக்காக இவ்வளவு கொடுக்க வேண்டாம் பிள்ளை. இரண்டு வங்கியிலாவது "குறையும் மீதிக்கு வட்டி என்ன" என்று அதே வார்த்தையில் கேளுங்கள்.

பொகவந்தலாவைத் தையல்காரி:
இப்போதுதான் விளங்குகிறது. இன்னொன்று, தவணை 5ஆம் திகதி. அம்மாவுக்குச் சம்பளம் 10ஆம் திகதிதான்.

அட்டன் கணக்குப்பிள்ளை:
அப்படியென்றால் 12ஆம் திகதிக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், கையெழுத்துக்கு முன்பே. மழை மாதத்தில் அம்மாவுக்குப் பேர் (வேலை நாள்) குறையும், தையலும் படுக்கும். பிந்தினால் தாமதக் கட்டணம் எவ்வளவு, முன்கூட்டியே அடைத்தால் வட்டி குறையுமா, இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.