பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்கப் பழகுவது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு கல்லடியில் வசிக்கிறேன். வீட்டில் யார் பேசத் தொடங்கினாலும், அவர்கள் முடிப்பதற்குள் குறுக்கிட்டுத் தீர்வு சொல்லிவிடும் பழக்கம் எனக்கு இருக்கிறது. அதை மாற்றிக்கொள்ள உங்கள் உதவி தேவை.

சென்ற வாரம் அம்மா இறால் உரித்துக்கொண்டே, 2004 சுனாமிக்கு முன்பு நாவலடியில் நாங்கள் இருந்த வளவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். கிணற்றடி முருங்கை மரத்துக்கு அவர் வந்து சேர்வதற்குள், "அதையெல்லாம் இப்ப யோசிக்காதீங்க அம்மா, பிரஷர் கூடும்" என்று சொல்லிவிட்டேன். பாதி உரித்த இறாலைக் கையில் பிடித்தபடி சற்று நேரம் இருந்தவர், "சரி மனே" என்றார். அதன்பிறகு அந்த வளவைப் பற்றிப் பேசவே இல்லை.

10 மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கேள்வி முடிவதற்கும் பதில் தொடங்குவதற்கும் இடையில் சராசரியாக ஏறத்தாழ 200 மில்லி விநாடிகளே கழிகின்றன. அதாவது, மற்றவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நம் மனம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது. காரணம் புரிகிறது, ஆனால் கட்டுப்படுத்தத்தான் தெரியவில்லை. அவர் சொன்னதை நம் சொற்களில் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கும்படி உளவளத்துணையாளர்கள் கூறும் முறையையும் முயன்றேன். அம்மாவிடம் அது விசாரணைபோல ஒலிக்கிறது.

துயரமான பழைய நினைவுகளை முதியவர்கள் சொல்லும்போது எங்கே மௌனமாக இருப்பது, எங்கே ஒரு கேள்வி கேட்பது? நான் நிறுத்திவிட்ட பேச்சை அம்மாவிடம் மீண்டும் எப்படித் தொடங்குவது? உளவளத்துணை பயின்றவர்களும், வீட்டில் இதே நிலையைக் கடந்தவர்களும் தயவுசெய்து எழுதுங்கள்.