கடற்கரை நிலையத்தை முனையமாக்கியது எது: பாதையின் அகலமா, பாரிமுனை வணிகமா?

வடசென்னைவாசி:
1931இல் தாம்பரம் மின்வண்டிக்குச் சென்னைக் கடற்கரை முனையமானதற்கு பாரிமுனையை ஒட்டிய ஜார்ஜ் டவுன் வணிகமே காரணம் என்று இந்த விவாதத்தைத் தொடங்கிய பாரிமுனையான் எழுதியிருக்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. தென்னிந்திய ரயில்வே போட்டது மீட்டர்கேஜ் பாதை, அதாவது தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டரே அகலம். வடக்கே அடுத்த நிலையமான ராயபுரத்திலோ 1856 முதல் அகலப்பாதை, அதுவும் வேறொரு கம்பெனியின் கையில். மேலே போக வழியில்லாத இடத்தில் வண்டி நின்றது, அவ்வளவுதான்.

பாரிமுனையான்:
வழியில்லாமல் நின்றதென்றால் எழும்பூரிலேயே நின்றிருக்கலாமே, ஐயா. 1908இல் திறந்த அந்தப் பெரிய நிலையத்தைத் தாண்டி, துறைமுகத்தின் ஓரம்வரை மின்வண்டியைக் கொண்டுவந்தது எதற்காக? உயர் நீதிமன்றம், தலைமை அஞ்சலகம், சுங்க அலுவலகம், மொத்த வியாபாரக் கடைகள் எல்லாம் அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தன. 1920களில் தியாகராய நகர் உருவாகி, மாம்பலம் பக்கம் குடியேறிய குமாஸ்தாக்களுக்குத் தினமும் அங்கே போய்வர வேண்டியிருந்தது. 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடிய அந்த வண்டிக்கு எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும் வேலை கிடையாது. கூட்டம் இறங்கி முடிப்பதற்குள் ஓட்டுநரும் கார்டும் பிளாட்பாரத்தில் எதிரெதிராக நடந்து இடம் மாறிக்கொள்ள, வண்டி வந்த வழியே திரும்பிவிடும். அலுவலகக் கூட்டத்துக்கென்றே திட்டமிட்ட முனையம் அது.

வடசென்னைவாசி:
வண்ணாரப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்களே, அவர்களுக்கு வேலைக்குப் போகும் அவசரம் இல்லையா? பாதை ஒரே அகலமாக இருந்திருந்தால் தாம்பரத்து வண்டி அவர்களையும் ஏற்றிச் சென்றிருக்கும். 2004 ஜூலையில் மீட்டர்கேஜ் மின்வண்டி நின்றது; அதன்பின் அகலப்பாதை வண்டிகள்தான். இன்று கடற்கரையிலிருந்து திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் வண்டிகள் போகின்றன.

தாம்பரம் பயணி:
பறக்கும் ரயிலை இருவருமே மறந்துவிட்டீர்கள். 1995இல் அதுவும் கடற்கரையிலிருந்துதான் சேப்பாக்கத்துக்குக் கிளம்பியது. எழும்பூருக்கு நான்காவது பாதை போடுவதற்காக 2023 ஆகஸ்டில் அதைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தியபோது, ஓராண்டுக்கும் மேலாக வடசென்னை மக்கள் வண்டி மாறி மாறி அலைந்தார்கள். கடற்கரையைக் கடந்து போகிறவர்கள் எத்தனை பேர் என்பது அப்போது கண்கூடாகத் தெரிந்தது.

பாரிமுனையான்:
அவர்கள் பட்ட சிரமத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பாதையின் அகலம் ஒன்றாகி இருபது ஆண்டு கடந்த பின்னும் தாம்பரம் வண்டிகள் பெரும்பாலும் கடற்கரையோடுதான் நிற்கின்றன. அகலம்தான் காரணமென்றால், தடை நீங்கியதும் முனையம் வடக்கே நகர்ந்திருக்க வேண்டாமா?

வடசென்னைவாசி:
அது நகராததற்குப் பயணிகள் பொறுப்பல்ல. ராயபுரத்துக்கு அப்பால் உள்ள பாதைகளைத் துறைமுகச் சரக்கு வண்டிகளோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அங்கே போதிய பாதைகளைப் போடாமல் இருந்துவிட்டு, மக்களுக்குக் கடற்கரையே போதும் என்று முடிவுகட்டுவது நியாயமாகாது. தாம்பரத்திலிருந்து எண்ணூருக்குக் காலையும் மாலையும் நேரடி வண்டிகளை ஓராண்டு விட்டுப் பார்க்கட்டும், அவற்றில் ஏறும் கூட்டத்தை வைத்து இவ்வழக்கைத் தீர்த்துக்கொள்வோம்.