வயலுக்கு 70 சதவீதம் போகும்போது பல் தேய்க்கும் குழாயை மூடி என்ன ஆகும்?

வேளச்சேரிவாசி:
எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். பல் தேய்க்கும்போது குழாயை மூடுங்கள், உலகத்தின் நன்னீரைக் காப்பாற்றுங்கள் என்று. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பூமியில் உள்ள தண்ணீரில் நன்னீர் 2.5 சதவீதம்தான், அதிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனியாக உறைந்து கிடக்கிறது, மிச்சமெல்லாம் பெரும்பாலும் நிலத்தடியில், ஆறு ஏரி என்று கண்ணால் பார்ப்பது மிகக் கொஞ்சம். இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். அடுத்த கணக்கைத்தான் யாரும் பேசுவதில்லை. மனிதர்கள் எடுக்கும் நன்னீரில் சுமார் 70 சதவீதம் விவசாயத்துக்கு, 20 தொழிற்சாலைகளுக்கு, வீடுகளுக்கு 10 சொச்சம். இந்தியாவில் விவசாயத்தின் பங்கு 90 சதவீதத்தை ஒட்டி. அந்தப் பத்தில் ஒரு பங்குக்காரனைப் பிடித்து வாளியை எண்ணச் சொல்கிறார்கள். இலவச மின்சாரத்தில் மோட்டாரை ஓடவிட்டு வரப்பு வழியப் பாய்ச்சுகிறவர்களிடம் யார் கேட்கிறார்கள்?

பல்லடத்தான்:
நண்பரே, அந்த 70 சதவீதமும் சோறாகவும் பருத்திச் சட்டையாகவும் உங்கள் வீட்டுக்குத்தான் வருகிறது. வரப்பு வழிய விடுகிறோமா? எங்கள் தோட்டத்து போர் 900 அடி. மோட்டாரைப் போட்டால் இருபது நிமிடம் நன்றாக ஊற்றும், அப்புறம் காற்றும் தண்ணீருமாக விட்டு விட்டு வரும். அதைத் தொட்டியில் சேர்த்து வைத்து மறுநாள் காலையில் தென்னைக்குச் சொட்டுநீரில் விடுகிறோம். அந்தக் குழாயில் உப்புப் படிந்து துளை அடைத்துக்கொள்ளும், கோடையில் அணில் கடித்து வைத்துவிடும், வாரத்துக்கு ஒருமுறை என் அம்மா மரம் மரமாகக் குனிந்து எந்தத் துளையில் சொட்டு நின்றுபோயிருக்கிறது என்று விரலால் தொட்டுப் பார்க்கிறார். அவருக்கு வயது 68. அவரிடம் போய்த் தண்ணீரை வீணாக்காதே என்று யார் சொல்வது?

வேளச்சேரிவாசி:
உங்கள் அம்மாவைச் சொல்லவில்லை, மன்னியுங்கள். பஞ்சாபைப் பாருங்கள். ஆண்டுக்கு நிலத்துக்குள் ஊறுவதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் உறிஞ்சுகிறார்கள். ஜூன் 10-க்கு முன்னால் நாற்று நடக்கூடாது என்று 2009-இல் சட்டமே போட வேண்டியிருந்தது. மின்சாரம் இலவசம் என்கிறபோது மோட்டாரை நிறுத்த யாருக்கு மனம் வரும்?

பல்லடத்தான்:
பஞ்சாபில் நெல்லையும் கோதுமையையும்தான் அரசு மூட்டை மூட்டையாக எடுத்துக்கொள்கிறது. மக்காச்சோளம் போட்டால் ஆதார விலை காகிதத்தில் இருக்கும், அந்த விலைக்கு வாங்க ஆள் இருக்காது. கடன் வாங்கி விதைக்கிறவன் எதைப் போடுவான்? சவுதியில் பாருங்கள். பாலைவனத்துக்கு அடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தேங்கிய நீரை எடுத்துக் கோதுமை விளைத்து ஏற்றுமதியே செய்தார்கள், உலகச் சந்தையைப் போலப் பல மடங்கு விலை கொடுத்து அரசு வாங்கியதால். படிப்படியாகக் குறைத்து 2016-இல் கொள்முதலை நிறுத்தினார்கள், கோதுமை அப்போது பெரும்பாலும் போய்விட்டது. தப்பு விவசாயியிடம் இல்லை, எதற்கு விலை வைக்கிறோம் என்பதில் இருக்கிறது.

வேளச்சேரிவாசி:
சவுதிக் கதையைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். கோதுமை போன இடத்தில் மாட்டுத் தீவனத்துக்குக் குதிரைமசால் வந்தது, அது கோதுமையை விட அதிகம் குடித்தது, அப்புறம் அதையும் கட்டுப்படுத்த வேண்டி வந்தது. தண்ணீருக்கு விலை இல்லாத வரை ஒன்று போனால் இன்னொன்று வரும்.

கடலோரம்:
இரண்டு பேரும் எதற்குச் சண்டை போடுகிறீர்கள்? கடல் இருக்கிறதே. மீஞ்சூர், நெம்மேலி மாதிரி கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நாலு கட்டினால் தீர்ந்தது.

ஆலைப்பொறியாளர்:
கடல்நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். ஒரு கிலோ அரிசி விளைய சுமார் 2500 லிட்டர் என்கிறார்கள். கடல்நீரில் நெல் போட்டால் கிலோவுக்கு ஏழரை முதல் பத்து யூனிட் ஆகிவிடும். (அந்த 2500-இல் நேராக வயலில் விழும் மழையும் சேர்ந்திருக்கிறது, அதைக் கழித்தாலும் கட்டாது.) குடிக்க, குளிக்க அது சரி, வயலுக்கு ஆகாது.

வேளச்சேரிவாசி சார், நான் கழிவுநீர் சுத்திகரிப்பில் வேலை செய்கிறேன், உங்கள் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. வயலுக்குப் போகும் தண்ணீரில் பெரும்பங்கு ஆவியாகிவிடும், அந்த ஊருக்கு அது திரும்பி வராது. வீட்டுக்கு வரும் தண்ணீரில் சுமார் 80 சதவீதம் சாக்கடையாக வெளியே வரும் என்று வைத்துத்தான் நிலையங்களையே வடிவமைக்கிறோம். உங்கள் பத்து சதவீதத்தைத் திரும்பப் பிடிக்க முடியும். 2019 ஜூலையில் பூண்டி, புழல், செம்பரம்பாக்கம் ஏரியெல்லாம் வறண்டு வெடித்துக் கிடந்தபோது ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். கோயம்பேட்டில் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரிக்கும் ஆலையின் கொள்ளளவு நாளுக்கு 4.5 கோடி லிட்டர், அதாவது பதினெட்டு ரயில். அது தொழிற்சாலைகளுக்குப் போகிறது, அந்த அளவுக்கு ஏரித் தண்ணீர் மிச்சம். இஸ்ரேலில் கழிவுநீரில் 90 சதவீதத்தை ஒட்டிச் சுத்திகரித்து வயலுக்கே விடுகிறார்கள்.

மலைமேகம்:
நான் 2018-இல் கேப்டவுனில் வேலையில் இருந்தேன். பிப்ரவரியிலிருந்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர். குளிக்கும்போது காலடியில் பிளாஸ்டிக் தொட்டி வைத்து, அந்தச் சோப்புத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய்க் கழிப்பறையில் ஊற்றுவோம். மூன்று வருடத்தில் ஊர் தன் பயன்பாட்டைப் பாதிக்கு மேல் குறைத்தது. கூடவே, பக்கத்து மலைப்பகுதியில் ஆப்பிள் விளைக்கும் விவசாயிகள் தங்கள் அணையிலிருந்து 1000 கோடி லிட்டரை நகரத்துக்குத் திறந்துவிட்டார்கள். நகரமும் தோட்டமும் ஒரே மழையை நம்பியிருந்த ஊர் அது, அதனால் இருவர் குறைத்ததும் ஒரே கணக்கில் சேர்ந்தது. வேளச்சேரியில் குழாயை மூடினால் பஞ்சாபுக்கு ஒன்றும் ஆகாது, புழல் ஏரிக்கு ஆகும். அந்த நோட்டீஸில் உலகம் என்று போட்டதுதான் தவறு.

வேளச்சேரிவாசி:
இதை ஏற்றுக்கொள்கிறேன். 2019-இல் ராத்திரி இரண்டு மணிக்கு லாரி வரும், ஹோஸ் சம்ப்பில் விழும் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வரும். அப்போதும் எங்கள் 84 வீட்டுக்கும் ஒரே தொகைதான், யார் எவ்வளவு செலவழித்தார் என்று தெரியவே தெரியாது. வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்கச் சொல்லி இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கேட்கப்போகிறேன். ஆனால் பல்லடத்தாரே, மீட்டர் எனக்கு என்றால் உங்கள் மோட்டாருக்கும் வேண்டாமா?

பல்லடத்தான்:
எங்கள் பக்கம் மீட்டர் என்ற சொல்லைச் சும்மா சொல்லிவிட முடியாது. மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்த போராட்டத்தில் 1970-இல் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். என் தாத்தா அந்தப் போராட்டத்தில் இருந்தவர். மீட்டர் வந்தால் பின்னாலேயே பில் வரும் என்ற பயம் இங்கே எல்லோருக்கும் இருக்கிறது. பஞ்சாபில் 2018-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள், மீட்டர் வைத்துக்கொள், ஒதுக்கிய மின்சாரத்தில் மிச்சம் பிடித்தால் யூனிட்டுக்கு 4 ரூபாய் உன் கணக்கில் போடுகிறோம் என்று. அந்த மாதிரி என்றால் பேசலாம். நெல்லுக்கும் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் போதும், துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, நீர் 15 சென்டிமீட்டர் கீழே இறங்கிய பிறகு பாய்ச்சினால் விளைச்சல் குறையாது. தண்ணீரை மிச்சப்படுத்த எங்களுக்குத் தெரியும். பில் வராது என்று சட்டத்தில் எழுதிக் கொடுத்தால் எங்கள் ஊரில் முதல் மீட்டரை என் மோட்டாரில் வைக்கிறேன்.

வேளச்சேரிவாசி:
4 ரூபாயை அரசு தரட்டும் என்று நானும் சொல்வேன். ஆனால் பில்லே கிடையாது என்று எழுதித் தருவதில் எனக்கு உடன்பாடில்லை, ஐந்து ஏக்கருக்கு மேல் வைத்திருப்பவருக்கு ஒரு அளவுக்கு மேல் பில் வர வேண்டும்.

பல்லடத்தான்:
ஐந்து ஏக்கர் மானாவாரியா, போர் வைத்த ஐந்து ஏக்கரா? அதைச் சொல்லுங்கள் முதலில்.