தாழ்தள மிடிபஸ்: கதவு முன்சக்கரத்துக்கு முன்னாலா, பின்னாலா?

கேள்வி: மலையடிவாரப் பயணி

வணக்கம். வடக்கு இங்கிலாந்தின் சிறு நகரம் ஒன்றில் ஏழு ஆண்டுகளாக வசித்து வருகிறேன். இப்போது என் தாயாரும் என்னுடன் இருக்கிறார். மூட்டுத் தேய்மானத்தால் அவரால் அரை அடிப் படியைக் கூட ஏற இயலாது. வெளியே செல்வதென்றால் சக்கர நாற்காலிதான். எங்கள் தெரு வழியாக மணிக்கு ஒரு பேருந்து வருகிறது. சில நாள் வரும் வண்டியில் கதவு முகப்பிலேயே, முன்சக்கரத்துக்கும் முன்னால் இருக்கிறது. வேறு சில நாள் வரும் வண்டியிலோ முன்சக்கரம் வண்டியின் மூக்கு நுனியில் இருக்க, கதவு அதற்குப் பின்னால் அமைந்திருக்கிறது. இரண்டும் தாழ்தள வண்டிகளே, இரண்டிலும் சாய்வுப்பலகை உண்டு. ஆனால் முதல் வகையில் நாற்காலியைத் தள்ளிச் செல்லும்போது, இருபுறமும் புடைத்து நிற்கும் சக்கரப் பெட்டிகளில் என் கைமுட்டி உரசுகிறது. இரண்டாவது வகையில் கதவைத் தாண்டியதுமே திண்ணை போல அகன்ற இடம் கிடைக்கிறது.

இவ்வளவு வசதியான அமைப்பு இருக்கும்போது எல்லா வண்டிகளையும் ஏன் அப்படியே கட்டவில்லை? பெருநகரங்களுக்கு வெளியே பேருந்து ஓட்டும் வெளியூர் நிறுவனங்கள் முழு நீளப் பேருந்தை விட்டு, மிடிபஸ் எனப்படும் இந்த நடுத்தர நீள வண்டிகளையே விரும்பி வாங்குவது ஏன்? தாழ்தளம் என்று சொல்லிவிட்டு, பின்பாதியில் மட்டும் ஏன் படி வைத்திருக்கிறார்கள்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: பணிமனைப் பொறியாளர்

தங்கள் மூன்று கேள்விகளில் கடைசியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

பேருந்தின் தளத்தைத் தாழ்த்துவதற்குத் தடையாக இருப்பவை முன் அச்சு, பின் அச்சு, எஞ்சின் ஆகிய மூன்று மட்டுமே. முன் அச்சு எதையும் இயக்குவதில்லை என்பதால் அதன் நடுப்பகுதியைக் கீழ்நோக்கி வளைத்துவிடலாம். தளம் அந்த வளைவின் மேல் படிந்து செல்லும். பின் அச்சில் அவ்வளவு எளிதல்ல. அதன் நடுவில், எஞ்சினின் விசையை இரு சக்கரங்களுக்கும் பகிர்ந்து தரும் டிஃபரென்ஷியல் என்ற பற்சக்கரத் தொகுதி இருக்கிறது, அதற்குப் பின்னால் கியர்பாக்ஸும் எஞ்சினும் வரிசையாக நிற்கின்றன. டிஃபரென்ஷியலை ஒரு பக்கமாக ஒதுக்கி, எஞ்சினை ஒரு மூலையில் நிறுத்தி, கடைசி இருக்கை வரை சமதளமாகக் கட்ட முடியும். பெரிய நகரங்களுக்கான சில வண்டிகள் அப்படி வந்திருக்கின்றன. ஆனால் அந்த அச்சுக்கு விலை அதிகம், எடையும் அதிகம், இருக்கைகளும் குறையும். ஒன்பது, பத்து மீட்டர் வண்டியில் ஒவ்வொரு இருக்கையும் கணக்கு என்பதால், பிரிட்டிஷ் நிறுவனங்கள் பின் அச்சுக்குச் சற்று முன்பு வரை தாழ்தளமும் அதற்குப் பின் படியும் என்ற அமைப்பையே ஏற்றுக்கொண்டன. சக்கர நாற்காலி, குழந்தைத் தள்ளுவண்டி, முதியோர் ஆகிய அனைவருக்குமான இடமும் முன்பாதிக்குள் அடங்கிவிடுவதால் இந்த ஏற்பாடு குறையுடையதாயினும் நேர்மையானது என்றே நான் கருதுகிறேன்.

இனி கதவு. தாங்கள் முதல் வகை என்று குறிப்பிட்டது பெரும்பாலும் டென்னிஸ் டார்ட் வழிவந்த வண்டியாக இருக்கும். கில்ஃபோர்டில் இயங்கிய டென்னிஸ் நிறுவனம் 1980களின் இறுதியில் படி வைத்த மிடிபஸ்ஸாக டார்ட்டைக் கொண்டுவந்தது. 1995இல் அதன் தாழ்தள வடிவமான டார்ட் எஸ்எல்எஃப் வெளியானது. பிளாக்ஸ்டன், அலெக்ஸாண்டர், ரைட், மார்ஷல், ஈஸ்ட் லாங்ஸ் எனப் பல நிறுவனங்களும் அந்தச் சேசிஸின், அதாவது அடிச்சட்டத்தின், மேல் பாடி கட்டின. முழு நீளப் பேருந்தின் அமைப்பைச் சுருக்கியதுதான் அது. ஆகவே கதவு முகப்பில், அதன் பின்னால் இரு சக்கரப் பெட்டிகள், அவற்றுக்கு நடுவே நடைவழி. அகலம் ஏறத்தாழ 2.4 மீட்டர் மட்டுமே. சக்கரம் இடமும் வலமும் திரும்புவதற்கு வேண்டிய இடத்தைக் கழித்துப் பாருங்கள், தங்கள் கைமுட்டி ஏன் உரசுகிறது என்பது விளங்கும். சக்கர நாற்காலி செல்லும் வழி 750 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. அந்த அளவு நாற்காலிக்குப் போதும், தள்ளுபவரின் கைகளுக்குப் போதாது.

இரண்டாவது வகைக்கு வழிகாட்டியது ஆப்டேர் சோலோ. லீட்ஸில் இயங்கிய ஆப்டேர் நிறுவனம் 1997இல் அதை அறிமுகப்படுத்தியது. ‘சோ லோ’, அதாவது ‘இவ்வளவு தாழ்வு’ என்று காதில் விழும்படி வைத்த பெயர் அது. முன்சக்கரங்களை நுனிக்குத் தள்ளி, ஓட்டுநரை ஏறத்தாழ அவற்றின் மேலேயே அமர்த்தி, சக்கரப் பெட்டிகளால் வீணாகும் இடத்தைப் பயணிகள் நடமாடாத மூக்குப் பகுதிக்குள் ஒதுக்கிவிட்டார்கள். தளத்தை எத்தனை சென்டிமீட்டர் தாழ்த்தினார்கள் என்பதைவிடச் சக்கரத்தை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்பதே அந்த வண்டியின் உண்மையான சாதனை. வில்ட்ஸ் அண்ட் டார்செட் போன்ற வெளியூர் நிறுவனங்கள் அதைப் பெருமளவில் வாங்கின. பின்னர் 2010இல் வந்த ரைட் ஸ்ட்ரீட்லைட், சக்கரம் முன்னால் ஒன்று, கதவு முன்னால் ஒன்று என இரு வடிவங்களிலும் கிடைத்தது. ஒன்று மற்றொன்றை முற்றிலும் வென்றுவிடவில்லை என்பதற்கு அதுவே சான்று.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அசோக் லேலண்ட் 2010இல் ஆப்டேரில் பங்கு வாங்கிப் பின்னர் பெரும்பான்மை உரிமையும் பெற்றது என்பதும், 2020இல் அந்நிறுவனம் ஸ்விட்ச் மொபிலிட்டி என்று பெயர் மாறியது என்பதும் இங்குள்ள நண்பர்கள் பலருக்கு மகிழ்ச்சி தரலாம்.

மறுமொழி 2: கால அட்டவணை

ஏன் நடுத்தர வண்டி என்ற கேள்விக்கு விடை வரலாற்றில் இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டப்படி, 1986 அக்டோபர் 26 முதல் லண்டனுக்கு வெளியே பேருந்துத் தடங்கள் கட்டுப்பாடின்றித் திறந்துவிடப்பட்டன. பொதுத்துறையான நேஷனல் பஸ் கம்பெனியின் கிளைகள் ஒவ்வொன்றாகத் தனியாருக்கு விற்கப்பட்டன. அதற்குச் சற்று முன்பே, 1984இல், எக்ஸிடரில் டெவன் ஜெனரல் நிறுவனம் ஃபோர்டு டிரான்ஸிட் வேனை மாற்றியமைத்த மினிபஸ்களை அடுத்தடுத்து ஓட்டிக் காட்டியிருந்தது. பெரிய வண்டி அரை மணிக்கு ஒன்று என்பதைவிடச் சிறிய வண்டி சில நிமிடங்களுக்கு ஒன்று என்றால் மக்கள் ஏறுவார்கள் என்ற பாடம் நாடெங்கும் பரவியது. ஆனால் அந்த வேன்கள் பொருள் ஏற்றுவதற்காகப் பிறந்தவை. படி உயரம், உள்ளே இடுக்கம், நாள் முழுதும் நின்று நின்று ஓடியதால் விரைவில் தேய்மானம். அவற்றைக் கழித்துவிட்டு, அதே தடத்தில் முப்பது, முப்பத்தைந்து பேர் அமரக்கூடிய, பேருந்தாகவே பிறந்த ஒரு வண்டி தேவைப்பட்டபோதுதான் மிடிபஸ் வந்து சேர்ந்தது. ஓட்டுநரின் ஊதியம் வண்டி சிறிதானாலும் பெரிதானாலும் ஒன்றே. ஆனால் வாங்கும் விலையும் எரிபொருளும் குறைவு. குறுகிய கிராமத்துச் சாலையில் எதிரே டிராக்டர் வந்தாலும் ஒதுங்க முடியும்.

சட்டம் பிறகு வந்தது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் பாகுபாட்டுத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பொதுப் பேருந்துகளின் அணுகல்தன்மை பற்றிய விதிகள் 2000இல் இயற்றப்பட்டன. உள்ளூர்த் தடங்களில் ஓடும், 22 பேருக்கு மேல் ஏற்றும் புதிய பேருந்துகளுக்கு 2000 டிசம்பர் 31 முதல் அவை பொருந்தின. 7.5 டன்னுக்கு மேற்பட்ட பழைய ஒற்றைத்தள வண்டிகளுக்கோ 2016 ஜனவரி 1 வரை அவகாசம் இருந்தது. டார்ட் எஸ்எல்எஃப், சோலோ இரண்டுமே அந்த விதிகள் நடைமுறைக்கு வருமுன் விற்பனைக்கு வந்துவிட்டவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தள்ளுவண்டியோடு வரும் தாய்மார்கள் மடிக்காமல் ஏறத் தொடங்கியதும் பயணிகள் கூடுகிறார்கள் என்பதை நிறுவனங்கள் தாமே கண்டுகொண்டன. ஆனால் 22 என்ற எல்லையால் பதினாறு இருக்கை வேன்கள் இந்த விதிக்கு வெளியே நிற்கின்றன என்பதும், ஆள் குறைந்த கிராமத் தடங்களில் அத்தகைய வண்டிகள் நுழைந்தால் தங்கள் தாயார் போன்றோர் மீண்டும் தெருவிலேயே நிற்க நேரும் என்பதும் எனக்கு உண்மையான கவலை.

மறுமொழி 3: முன்னாள் ஓட்டுநர்

யார்க்‌ஷயரில் ஒன்பது ஆண்டுகள் பேருந்து ஓட்டியவன் நான். தாங்கள் சொன்ன இரண்டு வகையையும் ஓட்டியிருக்கிறேன். பொறியாளர் நண்பர் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் ஸ்டீயரிங்கில் அமர்ந்தவனுக்கு மட்டும் தெரியும் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

கதவு முகப்பில் இருக்கும் வண்டியை நிறுத்தத்துக்குள் சாய்வாகவும் நுழைக்கலாம். சக்கரத்துக்கு முன்னால் நீண்டிருக்கும் மூக்கு நடைபாதை விளிம்பின் மேல் வந்து நிற்கும். பின்பாதி சாலையில் நீட்டிக்கொண்டிருந்தாலும் கதவு மட்டும் விளிம்பை ஒட்டியிருக்கும். சோலோவில் அது நடக்காது. கதவு இரண்டு சக்கரங்களுக்கும் இடையில் இருப்பதால் வண்டி முழுவதும் விளிம்புக்கு இணையாக நின்றால்தான் கதவு விளிம்பை ஒட்டும். நிறுத்தத்தில் ஒரே ஒரு கார் நின்றாலும் போதும், முன்சக்கரம் விளிம்பைத் தொட்டு நிற்கும்போது கதவுக்கும் நடைபாதைக்கும் இடையில் ஒரு முழம் இடைவெளி விழுந்துவிடும். மேலும் அச்சுகளுக்கிடையே தூரம் அதிகம் என்பதால் முனையில் திரும்பும்போது பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டும். கல்சுவர் வைத்த வளைவுகளில் கண்ணாடியைப் பார்த்தபடியே திருப்புவேன்.

ஒரு மழை நாளில் ஒரு பெரியவர் சக்கர நாற்காலியில் காத்திருந்தார். நிறுத்தத்தில் ஒரு டெலிவரி வேன். விளிம்பை அணுகவே முடியவில்லை. சுவிட்சை அழுத்தி வண்டியின் முன்பக்கத்தைத் தாழ்த்தினேன். காற்று சீறி இறங்கியது. இருக்கையை விட்டு எழுந்து, சாய்வுப்பலகையின் கைப்பிடியைத் தூக்கினால் அது அசையவில்லை. குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் மணலும் கீலில் இறுகிப்போயிருந்தன. குதிகாலால் இரண்டு முறை உதைத்த பின்புதான் பெயர்ந்தது. புரட்டிப் போட்டால், நடைபாதையில் அல்ல, சாலையிலேயே இறங்கியது, அவ்வளவு செங்குத்து. பயணி ஒருவரும் நானும் சேர்ந்து தள்ளித்தான் அவரை ஏற்றினோம். கீலைச் சுத்தம் செய்யச் சொல்லி நான் வேலை செய்த பணிமனையில் மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தேன். வண்டி நிற்காமல் ஓட வேண்டும் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பெரியவரின் முகத்தை நான் மறக்கவில்லை.

நாற்காலிக்கான இடத்தைப் பற்றியும் ஒரு சொல். இந்த வண்டிகளில் பொதுவாக அத்தகைய இடம் ஒன்றே ஒன்றுதான். அதில் தள்ளுவண்டிகளும் நிற்கும். 2012இல் வெதர்பியிலிருந்து லீட்ஸுக்குச் செல்ல வந்த டக் பாலி என்பவர், அந்த இடத்தில் தள்ளுவண்டி நின்றதால் ஏற முடியாமல் போனார். அவர் தொடுத்த வழக்கில் 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெறுமனே ஒரு முறை கேட்டுவிட்டு ஓட்டுநர் விட்டுவிடக் கூடாது, மறுப்பு நியாயமற்றது என்று தோன்றினால் மேலும் வற்புறுத்த வேண்டும், தேவையானால் சில நிமிடம் வண்டியை நிறுத்தி வைப்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். யாரையும் கட்டாயமாக இறக்கிவிடலாம் என்று அது சொல்லவில்லை. தாங்கள் தாயாருடன் ஏறும்போது இதை அறிந்திருப்பது பயன்படும்.

கேள்வியாளரின் மறுமொழி: மலையடிவாரப் பயணி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சோலோ வகை வரும் நாள்களில்தான் சாய்வுப்பலகை செங்குத்தாக விழுகிறது என்று என் தாயார் பலமுறை சொன்னபோது, நான் அதை ஓட்டுநரின் கவனக்குறைவு என்றே எண்ணியிருந்தேன். எங்கள் நிறுத்தத்துக்கு முன்னால் எப்போதும் இரண்டு கார்கள் நிற்கும் என்பது இப்போதுதான் உறைக்கிறது. இதில் நான் கேட்டுப் பெறக்கூடியது ஏதேனும் உண்டா?

மறுமொழி 4: பணிமனைப் பொறியாளர்

உண்டு, ஆனால் அதைப் பேருந்து நிறுவனத்திடம் அல்ல, உள்ளாட்சியின் சாலைத்துறையிடம் கேட்க வேண்டும். நிறுத்தத்தின் முன் மஞ்சள் கட்டமிட்டு, கார் நிறுத்தத் தடை விதிப்பது அவர்கள் பொறுப்பு. பஸ் ஸ்டாப் கிளியர்வே என்று கேளுங்கள். அத்துடன் நடைபாதை விளிம்பின் உயரத்தையும் ஓர் அளவுநாடாவால் அளந்து எழுதுங்கள். தாழ்ந்து நிற்கும் வண்டியின் நுழைவாயில் தரையிலிருந்து 250 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், சாலையில் இறங்கும் பலகை அந்த 250ஐயும் ஏற வேண்டும். 125 மில்லிமீட்டர் விளிம்பில் இறங்கினால் பாதி. பேருந்து நிறுத்தங்களுக்கென்றே ஜெர்மனியின் காசல் நகரில் உருவாக்கிய உயர்விளிம்புக் கற்களைப் போல 160 மில்லிமீட்டர் இருந்தால் 90 மட்டுமே. கடிதத்தில் 250, 125, 90 என்ற இந்த மூன்று ஏற்ற அளவுகளையும் எழுதி, கார்கள் நிற்கும் நேரத்தில் எடுத்த ஒரு புகைப்படத்தையும் இணைத்துவிடுங்கள்.