ஃபிஷ் ஃபைண்டர் மாட்டுனவங்க அனுபவம் எழுதுங்க (கடல், ஆறு, ஐஸ் எதுவா இருந்தாலும்)

ஆறுகாட்டுத்துறை பையன்:

ஃபைபர் போட்ல இந்த மிஷின (சென்சார் வழியா தண்ணிக்குள்ள சத்தம் அனுப்பி, அது பட்டுத் திரும்புறத வச்சு மீனையும் தரையையும் ஸ்க்ரீன்ல காட்டுறது) மாட்டுனவங்க இருந்தா எழுதுங்க, நானே ஆரம்பிச்சு வைக்கிறேன். விக்கிறவங்க போடுற வீடியோவுல எல்லாம் சென்சார போட்டு பின்பலகையில ரெண்டு ஸ்க்ரூ போட்டு முடுக்கிட்டு முடிஞ்சிதுன்னு சொல்லிடுறாங்க. துறைமுகத்துல கட்டிப்போடுற போட்டுக்கு அது சரி. எங்கள மாதிரி கரையேத்துறவங்களுக்கு ஆவாது, அலையில ஏறி மணல்ல மோதி அப்புறம் டிராக்டர் வச்சு இழுக்கும்போது பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்குற எதுவும் தங்காது. நாங்க ஒரு ஜிஐ பைப் முனையில சென்சார கட்டி பக்கவாட்டுல கீல் வச்சு மாட்டியிருக்கோம், உள்ள போனதும் இறக்குறது, கரை வந்தா தூக்கி மடக்குறது, அவ்ளோதான். ப்ரொப்பல்லர் நுரை தள்ளுற பக்கம் மட்டும் வேணாம், எதிர்ப்பக்கம் வைங்க. மிஷின் அனுப்புற சத்தம் தண்ணியிலதான் ஒழுங்கா போவும், காத்துக்குமிழியில பட்டா அங்கயே திரும்பிடும், அப்புறம் ஸ்க்ரீன் பூரா வெறும் புள்ளிதான்.

செட்டிங்ல முதல் வேலையா அந்த மீன் பொம்மைய ஆஃப் பண்ணிடுங்க. சொறிமீன் (ஜெல்லிமீன்) கூட்டம், பிளாஸ்டிக் பை, குமிழி எல்லாத்துக்கும் அது மீன் படம் போடும், அதப் பாத்து வலைய விட்டா டீசல் காசு கூட தேறாது. சத்தத்தோட அதிர்வெண் நம்ம ஆழத்துக்கு 200 கிலோஹெர்ட்ஸ் போதும், 50 எல்லாம் நல்ல ஆழக்கடலுக்கு.

அப்பா ஆரம்பத்துல திரும்பி கூட பாக்கல, தண்ணி நிறம் பாத்தே ஓட்டுற ஆளு. இப்ப அவருதான் அத விடமாட்டேங்குறாரு, ஆனா மீனுக்காக இல்ல, தரைக்காக. ரேஞ்ச (ஸ்க்ரீன் எவ்ளோ ஆழம் வரைக்கும் காட்டணுங்கிறது) ஆழத்தப் போல ரெண்டு மடங்குக்கு கொஞ்சம் மேல வச்சீங்கன்னா பத்து பாகத்துல (ஒரு பாகம் ஆறடி) தரை இருக்கையில இருபது பாகத்துல இன்னொரு தரை தெரியும். அது தெரிஞ்சா அடியில கெட்டித்தரை இல்லன்னா கடலடிப் பாறை, சேறா இருந்தா அந்த ரெண்டாவது கோடு வராது. வலைய எங்க விட்டா கிழியும்னு இதுலயே தெரிஞ்சிடுது. என்னக் கேட்டா மிஷின் காசு வலையிலயே திரும்பி வந்துடும், மீனு அதுக்கு மேல கெடைக்கிற லாபம்.

தரங்கம்பாடி:

தம்பி, பைப் எங்களுக்கும் இருந்துச்சி, வேகமா போனா ஆடும். சிலபேரு சென்சார போட்டுக்கு உள்பக்கமே எப்பாக்ஸி போட்டு ஒட்டுறாங்க, தண்ணியில எதுவுமே நீட்டாது. ஃபைபர் மட்டும் இருக்குற எடம்னா சத்தம் அது வழியா போயிடும். ஆனா நம்ம போட்ல மிதக்குறதுக்காக அடியில தெர்மோகோல் வச்சு மூடியிருப்பாங்க பாருங்க, அது பூரா காத்து, அதுக்கு மேல ஒட்டுனா சுத்தமா தெரியாது. போட் கட்டுனவர்ட்டயே கேட்டு ஒத்தைத்தகடா இருக்குற எடமா பாத்து ஒட்டணும். ஒட்டுறப்ப பசையில குமிழி நிக்கக்கூடாது.

அணைக்கரைல இருந்து:

நான் மீனவன் இல்ல, லீவுல தூண்டில் போடுறவன். என்கிட்ட இருக்குறது பந்து மாதிரி ஒன்னு, தூண்டில் நரம்புலயே கட்டி வீசிட்டா மிதந்துக்கிட்டே ஃபோனுக்கு படம் அனுப்பும். மேட்டூர் தண்ணி வந்து கொள்ளிடம் ஓடுறப்ப செம்மண் கலக்கல்ல ஒன்னும் உருப்படியா தெரியல. தண்ணி குறைஞ்சப்புறம் வீசுனேன், அப்பதான் மிரண்டுட்டேன். முட்டளவு தண்ணி அப்படியே ரெண்டு ஆள் ஆழத்துக்கு எறங்குது, மணல் அள்ளுன குழி. மேல இருந்து பாத்தா ஒரே மட்டம்தான். கெண்டை அந்தக் குழியிலதான் நிக்கிது, அது வேற விஷயம். புள்ளைங்கள ஆத்துல எறக்குறவங்க தயவுசெஞ்சு பாத்து எறக்குங்க.

மன்னார்குடி (டொரண்டோ):

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருக்கேன், ஐஸ்ன்னு போட்டிருக்கீங்களே அதான் எழுதுறேன். டொரண்டோவுக்கு வடக்க சிம்கோ ஏரின்னு ஒன்னு இருக்கு, இந்த மாசத்துல உறைஞ்ச ஐஸ் மேல கூடாரம் போட்டு உக்காந்து மீன் புடிப்பாங்க. தெளிஞ்ச ஐஸ் நாலு இஞ்சாவது இருந்தாதான் ஆள் நடக்கணும்னு கணக்கு. ஆகர்ங்கிற பெரிய திருகால ஓட்டை போட்டு சென்சார அதுல தொங்கவிடணும். இங்கதான் பாதிப்பேரு கோட்ட விடுறாங்க, சென்சார் ஐஸோட அடிவிளிம்புக்கு கொஞ்சம் கீழ இருக்கணும், நேரா கீழப் பாக்கணும். சாஞ்சிருந்தா உங்க தூண்டில் ஒரு பக்கம் அது பாக்குற எடம் ஒரு பக்கம்.

போட்ல மீனு வில்லு மாதிரி வளைஞ்சு தெரியும், ஏன்னா போட் மேல கடந்து போகையில மீனோட தூரம் குறைஞ்சு மறுபடி கூடுது. ஐஸ்ல நீங்களும் அசையல சென்சாரும் அசையல, மீன் நின்னா நீளக்கோடு, சும்மா கடந்தா சின்னக் கோடு. வில்லைத் தேடிக்கிட்டு உக்காந்தா விடிஞ்சிடும். தூண்டில எறக்கிட்டு சென்ஸிடிவிட்டிய அது மெல்லிசா ஒரு கோடா தெரியிற வரைக்கும் ஏத்துங்க, அதோட நிறுத்திடுங்க. அப்புறம் தரையில இருந்து இன்னொரு கோடு கிளம்பி உங்க கோட்டப் பாத்து ஏறி வரும் பாருங்க, அந்த நேரம் குளிரே தெரியாது. வந்து மோந்து பாத்துட்டு நிக்கும், மெதுவா தூண்டில மேல தூக்குனா சிலது தொரத்திட்டு வந்து கடிக்கும், சிலது அப்படியே எறங்கிப் போயிடும்.

குளிர்ல பேட்டரி வேகமா படுத்துடும். 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் ஈயபேட்டரிய பெட்டிக்குள்ள துணி சுத்தி வச்சுக்கணும். உறையிற அளவு சில்லுன்னு இருக்குற நல்ல தண்ணியில சத்தம் நொடிக்கு 1400 மீட்டர் சொச்சம் போவும், நம்ம கடல் சூட்டுல 1540 கிட்ட, அதனால மெனுவுல உப்புத்தண்ணி நல்ல தண்ணி மாத்த மறக்காதீங்க. ஆறுகாட்டுத்துறை தம்பி சொன்ன குமிழி அங்கயும் உண்டு. ஐஸ் கண்ணாடியா இருந்தா மேல கொஞ்சம் தண்ணி ஊத்தி சென்சார வச்சு ஓட்டை போடாமலே ஆழம் பாத்துடலாம், வெள்ளையா குமிழி ஐஸா இருந்தா ஒன்னும் வராது.

முத்துப்பேட்டை:

எங்க லகூனுக்கு யாரும் வாங்கிட்டு வந்துடாதீங்க. தண்ணியே பல எடத்துல ஒரு மீட்டர்தான். சத்தம் கீழ கூம்பா விரியிறது 20 டிகிரின்னா ஒரு மீட்டர் ஆழத்துல அது பாக்குறது 35 சென்டிமீட்டர் அகலம், அதுக்குள்ள மீன் வந்தா காலாலயே மிதிச்சிடுவோம். அலையாத்திக் காட்டு வாய்க்கால்ல தண்ணி வத்தம் எப்பன்னு தெரிஞ்சவனுக்கு மடவை, கொடுவா ரெண்டும் கெடைக்கும், மிஷின் தேவையில்ல.

கோடியக்கரை பக்கம்:

ஒரு சந்தேகம். வஞ்சிரம் வலையில நல்லா விழுது, ஸ்க்ரீன்ல ஒன்னுமே இல்ல, மிஷின் ரிப்பேரா? இன்னொன்னு, பக்கத்துல போட் வந்தா கோடு கோடா சாஞ்சு விழுது.

ஆறுகாட்டுத்துறை பையன்:

ரிப்பேர் இல்ல அண்ணே. மீன் வயித்துக்குள்ள இருக்குற காத்துப்பையிலதான் சத்தம் நல்லா பட்டுத் திரும்புது, வஞ்சிரத்துக்கு அந்தப் பை கெடையாது, சுறா திருக்கைக்கும் கெடையாது, அதனால மங்கலாதான் விழும். வஞ்சிரம் வேணும்னா அது தின்ன வர்ற பொடிமீன் கூட்டத்தப் பாருங்க, மேகம் மாதிரி திட்டா தெரியும், அத ஒட்டி விடுங்க. சாஞ்ச கோடு பக்கத்து மிஷினும் அதே 200ல ஓடுறதால. மெனுவுல இன்டர்ஃபியரன்ஸ்னு இருக்கும், ஒரு படி ஏத்துங்க. ரொம்ப ஏத்துனா சின்ன மீனும் சேந்து அழிஞ்சிடும்.