'பிளேட் ரன்னர்' படத்தின் இசை: எந்த வெளியீட்டை வாங்குவது?

முத்தியால்பேட்டை வாசகன்:
வணக்கம். பாரிஸில் குடியிருக்கும் என் பெரியப்பா தம்மிடமிருந்த பழைய எல்பி இசைத்தட்டுகளைப் புதுச்சேரி வீட்டுக்கு அனுப்பிவைத்தார். ரிட்லி ஸ்காட் இயக்கி 1982-இல் வெளிவந்த 'பிளேட் ரன்னர்' படத்தின் தட்டும் அவற்றுள் ஒன்று. உறையில் படத்துக்கு இசையமைத்த வாங்கெலிஸின் பெயர் இருக்கிறது. ஆனால் ஊசியை வைத்தால் வாசிப்பது வேறொரு இசைக்குழு. படத்தில் என்னைக் கட்டிப்போட்ட, நீண்டு நீண்டு கரையும் அந்த சின்தசைசர் (மின்னணு இசைக்கருவி) ஒலி இதில் இல்லை. 1994, 2007 ஆகிய ஆண்டுகளிலும் இதே படத்தின் இசை வெளியாகியிருப்பதாகத் தெரிகிறது. அவற்றுள் 1994ஆம் ஆண்டுக் குறுந்தகட்டைக் கேட்டபோது, இசையின் மீதே நடிகர்களின் பேச்சு ஒலித்தது. படத்தில் வந்த இசையைப் படத்தில் வந்தபடியே கேட்க விரும்பும் ஒருவர் எதை வாங்க வேண்டும்?

கெடிலக்கரையான்:
உங்களிடம் இருப்பது, ஜாக் எலியட் நடத்திய நியூ அமெரிக்கன் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்த தழுவல். படத்தின் இறுதிப் பெயர்வரிசையில், மூல இசை பாலிடார் நிறுவனத்தின் இசைத்தட்டாகக் கிடைக்கும் என்று அறிவித்திருந்தார்கள். அந்தத் தட்டு வெளிவரவே இல்லை. 'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்துக்காக அதே 1982-இல் ஆஸ்கர் பெற்றுப் புகழின் உச்சியில் இருந்த ஓர் இசையமைப்பாளரின் அடுத்த பெரிய படைப்பு, கடைகளில் வேறொருவர் வாசித்த தழுவலாக மட்டுமே கிடைத்தது என்பது இன்றைக்கும் எனக்கு வருத்தம் தருகிறது.

1989-இல் பாலிடார் வெளியிட்ட 'தீம்ஸ்' என்ற தொகுப்பில்தான் இறுதிப் பெயர்வரிசை இசையும் காதல் காட்சியின் இசையும் வாங்கெலிஸின் சொந்த வாசிப்பில் முதன்முறையாக வந்தன. 'மெமரீஸ் ஆஃப் கிரீன்' என்ற பியானோ இசையும் அதில் உண்டு; ஆனால் அது படத்துக்கென்று அமைத்தது அன்று, 1980-இல் வந்த அவருடைய 'சீ யூ லேட்டர்' தட்டிலிருந்து படத்துக்குள் வந்தது. 1992-இல் இயக்குநர் பதிப்பு திரைக்கு வந்ததும் பலருக்குப் படத்தின் மீது மீண்டும் பற்று ஏற்பட்டது. அடுத்த ஆண்டே உரிமம் பெறாத குறுந்தகடு ஒன்று ரசிகர்களிடையே சுற்றத் தொடங்கியது. 1994-இல்தான், அதாவது படம் வந்து 12 ஆண்டுகள் கழித்து, வாங்கெலிஸே தொகுத்த அதிகாரபூர்வக் குறுந்தகடு வந்தது. 1982-இல் தம்மால் இந்தப் பதிவுகளை வெளியிட இயலவில்லை என்றும், படத்தில் கேட்ட இசையோடு முதன்முறையாக வெளிவரும் இசையும் இதில் இருப்பதாகவும் அதன் குறிப்பில் அவர் தெளிவாகவே எழுதியிருந்தார். மேரி ஹாப்கினின் குரலில் வரும் 'ரேச்சல்ஸ் சாங்' அப்படிப்பட்டது. அதைப் படத்தில் தேடினால் கிடைக்காது.

2007-இல், 25ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 3 குறுந்தகடுகள் கொண்ட தொகுப்பு வந்தது. முதலாவது, 1994-இல் வந்த அதே தகடு. இரண்டாவதில் படத்தின் இசையில் அதுவரை வெளிவராத பகுதிகள் இருக்கின்றன. மூன்றாவது, அந்தப் படத்தை நினைத்து வாங்கெலிஸ் புதிதாக அமைத்த இசை. நீங்கள் தேடுவதற்கு மிக அருகில் இருப்பது இதன் இரண்டாம் தகடுதான்.

உப்பனாறு:
நான் கடலூர் முதுநகரில் தேவாலயப் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பவன். அந்த இசைக்குழுத் தட்டு ஏன் படம் போல ஒலிக்கவில்லை என்பதற்கு, வாசித்தவர்கள் வேறு என்பதற்கு அப்பால், கருவி சார்ந்த காரணம் ஒன்று உண்டு. வாங்கெலிஸ் அந்தப் படத்தில் பெரிதும் நம்பியிருந்தது யமஹா சிஎஸ்-80 என்ற சின்தசைசர். 1977-இல் சந்தைக்கு வந்த அந்தக் கருவியில் ஒரே நேரத்தில் 8 சுரங்கள் ஒலிக்கும். ஒரு கட்டையை அழுத்திய பிறகும், விரலின் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் அந்த ஒரு சுரத்தின் ஒலியை மட்டும் மாற்றலாம். பக்கத்து விரல் பிடித்திருக்கும் சுரம் மாறாது. கட்டைகளுக்கு மேலே உள்ள பட்டையில் விரலை இழுத்தால் சுரம் வழுக்கிக்கொண்டு மேலும் கீழும் போகும். நம் வீணையில் கம்பியை இழுத்துக் கமகம் பிடிப்பதைப் போன்ற வேலை அது. லெக்சிகன் 224 என்ற எதிரொலிக் கருவி வழியாக அந்த ஒலி செல்லும்போதுதான் நண்பர் சொல்லும் 'நீண்டு கரையும்' தன்மை கிடைக்கிறது.

வாங்கெலிஸ் இசைக்குறிப்பு எழுதுபவரும் அல்லர். லண்டனிலிருந்த தம்முடைய நெமோ ஒலிப்பதிவுக் கூடத்தில், காட்சியை வீடியோவில் ஓடவிட்டு, பார்த்துக்கொண்டே வாசித்துப் பதிவு செய்தார். அவ்வாறு பிறந்த இசையைப் பிறகு தாளில் எழுதி 50 பேரிடம் கொடுத்தால் சுரங்கள் சரியாகவே வரும், அழுத்தமும் வழுக்கலும் வரமாட்டா. அந்த இசைக்குழுவினர் திறமைசாலிகள். அவர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று.

முத்தியால்பேட்டை வாசகன்:
இருவருக்கும் நன்றி. கருவியைப் பற்றிய விளக்கம் எனக்கு மிகவும் பயனுள்ளதாக இருந்தது. இன்னும் ஒன்று கேட்க வேண்டும். இசையை இசையாகவே வெளியிட்டிருக்கலாமே, 1994-இல் உரையாடலை ஏன் கலக்க வேண்டும்?

புஸ்ஸி வீதி:
இதில் என் கருத்து உங்களுடையதிலிருந்து வேறுபடுகிறது. வானொலியில் ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கும், பழைய புராணப் படங்களின் கதைவசனத் தட்டுகளை வீட்டில் சுழலவிட்டவர்களுக்கும், பேச்சும் இசையும் சேர்ந்து ஒலிப்பது அந்நியமாக இராது. படத்தைப் பார்க்க முடியாத நேரத்தில் படத்தையே காதால் பார்க்க வைத்த வடிவம் அது. நடிகர் ரட்கர் ஹாவர் மழையில் நனைந்தபடி பேசும் இறுதிப் பேச்சை நீக்கிவிட்டு அதன் பின்னணி இசையை மட்டும் கேட்டால், எனக்கு அது பாதியாகவே படுகிறது. அந்த இசை அவருடைய மூச்சுக்கு இடம்விட்டு வாசிக்கப்பட்டது. வாங்கெலிஸ் 1994-இல் செய்தது ஆவணத் தொகுப்பு அன்று. 12 ஆண்டுகள் கழித்துத் தம் இசையை எடுத்து, முதலிலிருந்து இறுதிவரை இடைவிடாமல் கேட்பதற்கான தனிப் படைப்பாக அவர் அமைத்தார். அப்படி எண்ணி ஒருமுறை, இரவில், விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.

கெடிலக்கரையான்:
புஸ்ஸி வீதி ஐயா சொல்வதை மறுக்கவில்லை. எனினும் தொடக்கப் பெயர்வரிசை இசையின் மீது பேச்சு விழுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த முதல் பேரொலியும் அதைத் தொடரும் அமைதியும் தனியே நிற்க வேண்டியவை.

நண்பர் கவனத்தில் கொள்ள வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. படத்தில் கேட்கும் எல்லாமே வாங்கெலிஸின் இசை அன்று. மாநகரின் மேல் மிதக்கும் விளம்பரத் திரையில் ஜப்பானியப் பெண் தோன்றும்போது வருவது, என்செம்பிள் நிப்போனியா குழு பதிவு செய்திருந்த ஜப்பானிய மரபிசை. சைக்கிள்காரர்கள் தெருவைக் கடக்கும் இடத்தில் ஒலிப்பது கெயில் லாட்டனின் யாழிசை. இவை இரண்டும் 2007 தொகுப்பில் இல்லை. அந்தக் கலைஞர்களின் தனித் தட்டுகளில்தான் தேட வேண்டும். ஆகவே, படத்தில் வந்தபடியே முழுமையாக வேண்டுமென்றால், 2007-இல் வந்த இறுதிப் பதிப்பின் படவட்டையே நல்ல ஒலிபெருக்கியில் ஓடவிடுங்கள். இசையாக வேண்டுமென்றால் மூன்று தகடு கொண்ட தொகுப்பை வாங்குங்கள். 1994 தகடு அதற்குள்ளேயே இருப்பதால் அதைத் தனியே வாங்கத் தேவையில்லை. பெரியப்பா அனுப்பிய எல்பியை விற்றுவிட வேண்டாம். 1982-இல் இந்த இசைக்குக் கடையில் கிடைத்த ஒரே வடிவம் அதுதான்.